அண்ணியின் முதல் கைதட்டல்

“பொறாமையா? எனக்கா? அந்த நரம்பையே வைக்காமத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. வேணும்னா ஸ்கேன் எடுத்துப் பாருங்க. எவனுக்கு வேணா அவார்டு குடுக்கட்டும், அந்த ஹால்ல மொதல்ல எழுந்து நின்னு கைதட்டுறது நான்தான்.”

தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் அண்ணி இப்படிச் சொன்னார். அதில் மிகை ஏதும் இல்லை. ‘சிறந்த இயக்குநர்’ என்று மேடையில் உறையைப் பிரிக்கத் தொடங்கியதுமே அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். ஒரு வருடம் கழற்ற மறந்து தட்டியதில் கடிகாரம் நின்றே போயிற்று. பழுது பார்த்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்கேயாவது விழுந்துச்சாம்மா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. ஒருத்தர் ஜெயிச்சார்” என்றார் அண்ணி.

அவருடையது சாதாரணக் கைதட்டல் அல்ல. இடது உள்ளங்கையைச் சிறு கிண்ணம்போல் குவித்து, அதன்மேல் வலது கையை இறக்குவார். கனத்த கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் அரங்கில் உள்ள மற்ற இயக்குநர்களுக்கு, உட்கார்ந்தே இருந்தால் வயிற்றெரிச்சல்காரன் என்று பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம் பிறக்கும். வரிசை வரிசையாக எழுவார்கள். நேரலையை நடத்துகிறவர்கள் இதற்கு ‘அண்ணி ஷாட்’ என்று பெயரே வைத்திருந்தார்கள். உறை பிரிந்ததும் ஒரு கேமரா வெற்றி பெற்றவர் பக்கம் திரும்பும். இன்னொன்று அண்ணி பக்கம் திரும்பிக் காத்திருக்கும்.

இருக்கையும் நிரந்தரம். மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம். மேடைக்குப் போகிற எவரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது ஒரு நொடி நின்று, தலையைச் சாய்த்து, அந்தக் கைதட்டலைப் பிரசாதம் போல் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். விழா ஒருங்கிணைப்பாளர் வருடந்தோறும் போன் செய்வார்: “அண்ணி, உங்க சீட்டு ரெடி. நீங்க இல்லாம ஹாலே எழுந்திருக்காது.” அந்த வருடம் அண்ணியின் படம் போட்டியில் உண்டா என்று அவர் சொன்னதில்லை. அண்ணியும் கேட்டதில்லை. மறுநாள் செய்தித்தாளில் அண்ணியின் படத்தைப் போட்டு, ‘பெண் இயக்குநர்களும் திரளாகக் கலந்துகொண்டனர்’ என்று எழுதுவார்கள். அந்தத் ‘திரள்’ முழுவதையும் தன் ஒற்றை உடம்பில் தாங்கிக்கொண்டு, படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

அண்ணி என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய கணவர் ஒளிப்பதிவாளர். அவர் தங்கை, அதாவது நாத்தனார், அண்ணியின் முதல் படத்தில் உதவி இயக்குநராக வந்து சேர்ந்தாள். முதல் நாள் காலையில் தளத்தின் நடுவில் நின்று, “அண்ணி, ஷாட் ரெடி!” என்று ஒரு குரல் கொடுத்தாள். அவ்வளவுதான். லைட் பிடிக்கிறவரிலிருந்து தயாரிப்பாளர் வரை எல்லோருக்கும் அந்த நிமிடமே ஓர் அண்ணி கிடைத்துவிட்டார். எழுபதை நெருங்கிய ஒரு தயாரிப்பாளரும் கூச்சமில்லாமல் அப்படித்தான் கூப்பிட்டார். அதில் வசதி இருந்தது. ‘டைரக்டர்’ என்று கூப்பிட்டால் அவர் கேட்கிற கிரேனைக் கொடுக்க வேண்டியிருக்கும். அண்ணியிடமோ, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க அண்ணி” என்றால் போதும்.

இப்படி அட்ஜஸ்ட் செய்தே நான்கு படங்கள் எடுத்தார். முதல் படம் வந்தபோது, “வீட்டுக்காரர்தான் எடுத்திருப்பார்” என்றார்கள். அதைப் பற்றி வீட்டுக்காரரிடமே ஒரு பத்திரிகையாளர் கேட்டார். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. லென்ஸை எடுத்துத் துடைத்துக்கொண்டு புன்னகை செய்தார். இரண்டாவது படத்துக்கு ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, உடை என்று பரிசுகள் கொட்டின. அதில் நடித்த நாய்க்குக்கூட ஒரு கேடயம் கிடைத்தது. இயக்குநருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. படம் தானே எழுந்து, தானே பல் விளக்கி, தியேட்டருக்கு நடந்து போய்விட்டது என்று விருதுக் குழுவினர் நம்பினார்கள் போலும். மூன்றாவது படம் லாரித் திருடர்களைப் பற்றியது. ‘தாய்மையின் ஈரம் கசியும் படைப்பு’ என்று அதைப் பாராட்டினார்கள். நான்காவது வந்தபோது, அந்த வருடம் போட்டி கடுமை என்றார்கள். போட்டி கடுமையில்லாத வருடம் எது என்று யாரும் சொல்லவில்லை.

தளத்தில் அவர் கத்தியதே இல்லை. நடிகர் காதருகே போய் முணுமுணுப்பார். என்னதான் சொல்கிறார் என்று கேட்பதற்காகவே தளம் முழுவதும் வாயை மூடிக்கொள்ளும். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு, “என் பென்சில் எங்கே?” என்று நாள் முழுதும் தேடுவார். கோபம் வந்தால் அதைச் சீவுவார். மூன்றாவது படத்தின்போது தயாரிப்பாளர் தளத்துக்கு வந்து போன நாட்களில், காலையில் முழுசாக இருந்த பென்சில் மாலையில் நகத்தளவுதான் இருக்கும்.

ஆனால் பொறாமை மட்டும் இல்லை. அது உண்மைதான். ஆகாயத்தில் போகிற விமானத்தைப் பார்த்து யாருக்காவது வயிறு எரிந்திருக்கிறதா? பக்கத்து வீட்டுக்காரர் புது ஸ்கூட்டர் வாங்கினால்தான் எரியும். விருது ஆண்களுக்குப் போவது அண்ணிக்கு விமானம் போவது மாதிரி. அண்ணாந்து பார்த்தார், கைதட்டினார், வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினார். இந்தத் தூக்கத்தைத்தான் அவர் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

புது ஸ்கூட்டர் ஒரு காலை உணவு வேளையில் வந்து நின்றது.

“நம்ம குட்டி லிஸ்ட்ல இருக்கா!” என்றார் கணவர், போனிலிருந்து தலையைத் தூக்கி. குட்டி என்பது நாத்தனார்தான். நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர் உதிரவில்லை.

“எந்த லிஸ்ட்ல?”

“சிறந்த டைரக்டர் லிஸ்ட்ல. அஞ்சு பேர்ல ஒருத்தி. இந்த அவார்டு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு பொம்பளை பேரும் வந்ததில்லையாம். குட்டிதான் முதல் ஆளுன்னு போட்டிருக்கான்.”

“அப்படியா? ரொம்ப சந்தோஷம்” என்று சொல்லியபடி அண்ணி அவருடைய டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். டம்ளர் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

“ஏம்மா, தண்ணி வழியுது.”

“தெரியுது. நான்தானே ஊத்துறேன்.”

அன்று மதியத்துக்குள் வீட்டில் இருந்த பென்சில்கள் எல்லாம் சீவப்பட்டுவிட்டன. கணவர் கணக்குப் போட வைத்திருந்த இரண்டையும் விடவில்லை. விமானத்தில் போகிறவர்கள் யாராவது ஒருநாள் கதவைத் திறந்து ஒரு பெண்ணை ஏற்றிக்கொள்வார்கள் என்று அண்ணி நினைத்ததே இல்லை. இப்போது திறந்திருக்கிறார்கள். ஒரே ஓர் இருக்கை. அதில் ஏறப் போகிறவள் அண்ணியின் முதல் படத்துக்குக் கிளாப் அடித்தவள். கையைக் கிளாப் பலகையில் நசுக்கிக்கொண்டு அழுதவள். அந்த விரலுக்கு ஊதிவிட்டவர் அண்ணி.

நாத்தனாரின் படம் மோசமாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். லிஃப்ட் பழுது பார்க்கிற ஒரு பெண்ணின் கதை. அண்ணி அதை முதல் தடவை குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தார், இரண்டு கிடைத்தன. இரண்டாம் தடவை அந்த இரண்டையும் உறுதிப்படுத்திக்கொள்ளப் போனார்; இரண்டும் காணாமல் போயிருந்தன. படத்தில் ஓர் இடத்தில் பழுது நீங்கிய லிஃப்ட் ஒரு தளத்தில் வந்து நிற்கும். கதவு திறக்கும். ஏற ஆளில்லை. கதவு திறந்தபடியே இருக்கும், இருக்கும், இருந்துகொண்டே இருக்கும். தான் எடுத்திருந்தால் அந்த இடத்தைப் பாதியில் வெட்டியிருப்பார், வெட்டியிருந்தால் படம் அங்கேயே செத்திருக்கும் என்று அண்ணிக்குப் புரிந்தது. மூன்றாம் தடவை போனது எதற்கு என்று அவருக்கே தெரியாது. இருட்டில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்ததும் நாத்தனாருக்கு போன் செய்தார். “குட்டி, படம் நல்லாதான் வந்திருக்கு. சவுண்டு மட்டும் ஒரு எடத்துல லேசா இரையுது” என்றார்.

“தியேட்டர் ஏசியா இருக்கும் அண்ணி.”

“இருக்கும், இருக்கும்.”

நாத்தனாரோ ஒன்றும் புரியாதவளாக ஒரு மாலையில் வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்தவள் சோபாவில் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

“அண்ணி, உங்களைக் கேக்காம நான் எதுவும் செஞ்சதில்ல. மேடையில பேசுறதுக்கு ரெண்டு வார்த்தை யோசிச்சு வெச்சிருக்கேன். கேக்குறீங்களா?”

“ஜெயிச்சப்புறம்தானே பேசணும்?”

“ஒருவேளை ஜெயிச்சிட்டா, நின்னு முழிக்கக் கூடாதுல்ல?”

“சரி, முழிக்காத. சொல்லு.”

நாத்தனார் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டாள். தயாரிப்பாளருக்கு நன்றி சொன்னாள். அண்ணனுக்குச் சொன்னாள். லிஃப்ட் கம்பெனித் தொழிலாளர்களுக்கு ஒவ்வொருவராகச் சொன்னாள். கடைசியில், “என்னை உருவாக்கின என் அண்ணிக்கு” என்று முடித்தாள்.

“லிஃப்ட்டுக்காரங்களுக்கு அப்புறமா நான்?” என்றார் அண்ணி.

“கிளைமாக்ஸ்ல வெச்சிருக்கேன் அண்ணி!”

“அதுக்குள்ள மியூசிக்கைப் போட்டு உன்னைக் கீழ இறக்கிடுவாங்கடி.”

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணி வேடிக்கையாகப் பேசுவதாக அவள் நினைத்தாள். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அண்ணி, எனக்குக் கெடைச்சா உங்களுக்குக் கெடைச்ச மாதிரி” என்றாள். கதவைச் சாத்திவிட்டு வந்த அண்ணி, “மாதிரி” என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். கொண்டையில் கையை விட்டுப் பென்சிலை எடுத்தார். அதில் சீவ ஒன்றும் மிச்சமில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு விருதுக் குழுத் தலைவர் போன் செய்தார். பழைய இயக்குநர், கோப்பைகள் வரவேற்பறையில் இடம் போதாமல் படுக்கையறைக்குப் போய், அங்கிருந்து குளியலறை அலமாரிக்கும் பரவிய பெரிய மனிதர்.

“அண்ணி, ரகசியமா ஒண்ணு கேக்கணும். உங்க நாத்தனார் விஷயம். குழுவுல ரெண்டு பேர் வேணும்கிறாங்க, ரெண்டு பேர் வேணாம்கிறாங்க. என் ஓட்டுதான் பாக்கி. படம் பிரமாதம், அதுல சந்தேகமில்ல. ஆனா கேமரா அண்ணன்காரன் பாருங்க. டைரக்‌ஷன்லயும் மனுஷன் கை இருக்குமோன்னு ஒரு இது. வீட்டு ஆளு நீங்க, உங்களுக்குத் தெரியாததா?”

அண்ணிக்குத் தெரியும். அந்தப் படப்பிடிப்பு நடந்த நாட்களிலெல்லாம் கணவர் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும் முன்பே புலம்பத் தொடங்கிவிடுவார். “உன் நாத்தனார் என்னை ஒரு இன்ச் நகர விடமாட்டேங்குறா. லைட்டை எங்க வெக்கணும்னு எனக்கே சொல்லிக் குடுக்குறா. லிஃப்ட் கதவை அவ்வளவு நேரம் காட்டாதடின்னு சண்டை போட்டுப் பாத்துட்டேன், கேக்கல.” அதை அப்படியே எடுத்துச் சொன்னால் போதும். வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

“என்ன சார், குடும்பப் படம்தானே! எல்லார் கையும்தான் இருக்கும்” என்று அண்ணி சிரித்தார்.

தலைவரும் சிரித்தார். “அதானே! நல்லா சொன்னீங்க, குடும்பப் படம்! சரி, அன்னைக்கு நம்ம சீட்டுல பாப்போம்.”

போன் வைத்த பிறகு அண்ணி அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். ‘பொய் ஒண்ணும் சொல்லலையே’ என்று சுவரிடம் சொன்னார். சுவர் ஏற்றுக்கொண்டது போலத்தான் இருந்தது. திரும்பக் கூப்பிடலாம் என்று எண்களை அழுத்தினார். மணி அடிக்கும் முன் வெட்டிவிட்டார். தலைவர் போன்றவர்களைச் சும்மா தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்ல பழக்கம் அவருக்கு எப்போதுமே உண்டு.

விழா மாலையில் மூன்றாவது வரிசையில் அண்ணி நடைபாதை ஓரம் உட்கார்ந்தார். பக்கத்தில் நாத்தனார், அவளுக்கு அப்பால் கணவர். நாத்தனாரின் உள்ளங்கை வியர்த்திருந்தது. அடிக்கடி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணி, எனக்குப் பயமா இருக்கு” என்றாள். “எனக்கும்தான்” என்றார் அண்ணி. வெகுநாள் கழித்து அவர் உண்மை பேசியது அப்போதுதான்.

முதலில் சிறந்த ஒளிப்பதிவு. லிஃப்ட் படத்துக்காகக் கணவரின் பெயரை வாசித்தார்கள். அண்ணி பழக்கப்படி எழுந்து தட்டினார், அரங்கம் எழுந்தது. கோப்பையை எடுத்துக் கொடுத்த குழுத் தலைவர் மைக்கைக் கையோடு பிடித்துக்கொண்டார்.

“இந்தப் படத்துக்குக் கண்ணும் இவர்தான், மூளையும் இவர்தான். தங்கச்சியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கார் அண்ணன். வீட்டுல உள்ளவங்களே ரொம்ப அழகா சொன்னாங்க, இது ஒரு குடும்பப் படம்!”

அரங்கம் உரிமையோடு சிரித்தது. மேடையில் கணவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அண்ணிக்கு அந்தத் துடைப்பு நன்றாகத் தெரியும். முதல் படத்தின்போது அதை வெகு பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். நாத்தனாரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்கு உள்ளே இருந்தவள்தான் எங்கோ எழுந்து போய்விட்டிருந்தாள். அண்ணியின் கையிலிருந்து தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“குடும்பப் படமா? யார் அண்ணி அப்படிச் சொன்னது? அண்ணனா?”

அண்ணி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணன் இல்ல” என்றார்.

நாத்தனார் அவரைப் பார்த்தாள். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் அண்ணிக்கு ஒரு பதில் சொல்லிச் சமாளிக்க வாய்ப்பு கிடைத்திருக்கும்.

சிறந்த இயக்குநர். உறை வந்தது. அண்ணியின் கைகள் அவரைக் கேட்காமலேயே கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டன. ஐந்து பெயர்களைத் திரையில் காட்டினார்கள். நான்கு பேருக்குக் கண்ணாடியும் தாடியும். ஐந்தாவதாக லிஃப்ட் கதவு திறந்து, யாரும் ஏறாமல், நின்றது.

வாசிக்கப்பட்ட பெயர், ஒரே படத்தை வருடத்துக்கு ஒரு தலைப்பில் எடுத்துவரும் ஓர் இயக்குநருடையது. அதே கோப்பையை முன்பும் வாங்கியவர். முந்தைய தடவை அவருக்காகத்தான் அண்ணியின் கடிகாரம் நின்றுபோயிருந்தது.

அரங்கம் காத்திருந்தது. அந்தக் கனத்த கதவு சாத்துகிற சத்தம் வரவில்லை. பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் தட்டிப் பார்த்துவிட்டு, தாங்கள் தவறாகத் தட்டிவிட்டோமோ என்று நிறுத்திக்கொண்டார்கள். சிலர் பாதி எழுந்து, உட்கார்ந்தவர்களைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்கள். நேரலைக்காரர்கள் வழக்கம்போல் அண்ணி ஷாட்டைப் போட்டுவிட்டார்கள். மேடைக்குப் பின்னிருந்த பெரிய திரை முழுவதும் அண்ணியின் முகம் நிறைந்து நின்றது.

நாத்தனார்தான் எழுந்தாள். மரியாதைக்குத் தட்டிக்கொண்டே குனிந்தாள். கண் கலங்கியிருந்தது.

“அண்ணி, எந்திரிங்க. உங்களைத்தான் காட்டுறாங்க.”

“கால் மரத்துப்போச்சு குட்டி” என்றார் அண்ணி. நாற்காலிக்குக் கீழே அந்தக் கால் படபடவென்று தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

வெற்றி பெற்றவர் நடைபாதையில் வந்தார். மூன்றாவது வரிசை அருகே வழக்கம்போல் நின்று, வழக்கம்போல் தலையைச் சாய்த்தார். அண்ணி அவருடைய கைகளைப் பார்த்தார். வெறும் கைகள். இன்னும் கோப்பை வந்து சேராத, வந்து சேரும் என்பதில் கொஞ்சமும் சந்தேகமில்லாத கைகள். இத்தனை வருடத்தில் அந்தக் கைகளை அவர் அதுவரை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. அண்ணியின் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று சூடாக மேலேறி வந்தது.

அவர் பையைத் திறந்தார். கடிகாரத்தை எடுத்து மணிக்கட்டில் வைத்து, வாரைக் கடைசித் துளை வரை இழுத்து மாட்டினார். பெரிய திரையில் அரங்கம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.